பாரீஸ் போகும் பூனைக்கு ஓர் அளவு, பள்ளிவாசல் படிக்கட்டுப் பூனைக்கு ஓர் அளவா?





நமது காரைக்காலில் இரண்டு வகைப் பூனைகள் வாழ்கின்றன. ஒன்று, பிரான்சுக்குப் போகும் பூனை. மற்றொன்று, போகாத பூனை. இரண்டும் ஒரே தாய் ஈன்ற குட்டிகளாகவும் இருக்கலாம். ஆனால் முதல் பூனைக்குக் கழுத்துத் தோலின் கீழ் அடையாளச் சில்லு பொருத்தப்படுகின்றது; வெறிநோய்த் தடுப்பூசி போடப்படுகின்றது; பின்னர் அதன் இரத்தம் எடுக்கப்பட்டு, அந்த ஊசி உண்மையிலேயே வேலை செய்ததா என்று ஆய்வகத்தில் அளந்து பார்க்கப்படுகின்றது. இரண்டாவது பூனைக்கு நாம் மீன் தலையைப் போடுகின்றோம். "நபி (ஸல்) அவர்கள் நேசித்த பிராணி" என்று சொல்லித் தடவிக் கொடுக்கின்றோம். அத்துடன் நம் கடமை முடிந்தது என்று நினைக்கின்றோம்.

இந்த இரட்டை அளவையைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகின்றோம். சிலருக்கு இது கசக்கும். கசந்தாலும் சொல்லியாக வேண்டியதாயிருக்கின்றது.

ஏன் அந்த ஒரு பூனைக்கு மட்டும் இத்தனை ஏற்பாடு?

1954 நவம்பர் 1 அன்று காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. அதன் பின்னரும் நம் குடும்பங்களில் பலர் பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருக்கின்றனர். பாட்டனார் காலம் தொட்டுப் பாரீஸ் நகரத்தோடும் அதன் சுற்றுப் பகுதிகளோடும் நமக்குப் போக்குவரத்து உண்டு. விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் இங்குள்ள பூனையோடு ஒட்டிக்கொள்கின்றனர். திரும்பும்போது அதையும் கொண்டு போக வேண்டுமென்று அடம் பிடிக்கின்றனர். அப்போதுதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் நம் வீட்டுக்குள் நுழைகின்றன.

இந்தியாவிலிருந்து செல்லும் பூனைக்கு அவ்விதிகள் கேட்பவை இவை. முதலில் அடையாளச் சில்லு. அதன் பின்னர், பூனைக்குப் பன்னிரண்டு வாரங்களேனும் நிறைந்த பிறகு, வெறிநோய்த் தடுப்பூசி. ஊசி போட்டு 30 நாள்களேனும் கழிந்த பின்னர் இரத்தம் எடுக்க வேண்டும். அதை ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகம் ஒன்றில் சோதிக்க வேண்டும். ஒரு மில்லி லிட்டர் தெளிநீரில் குறைந்தது 0.5 சர்வதேச அலகு எதிர்ப்பான் இருக்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதங்கள் காத்திருந்த பிறகே பயணம்.

எதிர்ப்பான் என்பது மருத்துவர்கள் ஆன்டிபாடி என்று அழைக்கும் பொருள். நோய்க் கிருமியை அடையாளம் கண்டு செயலிழக்கச் செய்வதற்காக உடல் உருவாக்கும் புரதம் அது. 30 நாள் காத்திருப்பது, அது இரத்தத்தில் போதிய அளவுக்குப் பெருகுவதற்காக. மூன்று மாதம் காத்திருப்பதற்குக் காரணம் வேறு. ஊசிக்கு முன்பே அந்தப் பூனையை வெறிநோய்க் கிருமி தொற்றியிருந்தால், அந்தக் கால இடைவெளியில் நோய் வெளிப்பட்டுவிடும் என்ற எச்சரிக்கை அது.

பிரான்சு நாடு காட்டு நரிகளுக்கு உணவோடு மருந்து வைத்து, பல ஆண்டுகள் உழைத்து, 2001-இல் தன் மண்ணில் விலங்குகளிடையே இருந்த வெறிநோயை ஒழித்துவிட்டதாக அறிவித்தது. அரும்பாடுபட்டுப் பெற்றதை ஒரு பூனையின் கூண்டு வழியே இழக்க அவர்கள் விரும்பவில்லை. அதில் குறை காண ஏதுமில்லை. அவர்கள் தம் பிள்ளைகளைக் காக்கின்றனர். நம் பிள்ளைகளைக் காப்பவர் யார் என்பதே நம் கேள்வி.

அளப்பது எப்படி என்று அறிந்துகொள்வோம்

இச்சோதனைக்கு உலகம் முழுவதும் பயன்படும் முறைகளுள் ஒன்று, பிரான்சின் நான்சி நகர ஆய்வகத்தில் உருவாகி 1998-இல் வெளியிடப்பட்டது. பூனையின் இரத்தத்திலிருந்து தெளிநீரைப் பிரிக்கின்றனர். அதை மும்மடங்கு, ஒன்பது மடங்கு, இருபத்தேழு மடங்கு என்று படிப்படியாக நீர்க்கச் செய்கின்றனர். ஒவ்வொரு படியிலும் உயிருள்ள வெறிநோய்க் கிருமியைக் குறிப்பிட்ட அளவு சேர்க்கின்றனர். பின்னர் உயிரணுக்களை இட்டு 48 மணி நேரம் வைக்கின்றனர். இறுதியில் ஒளிரும் சாயத்தை ஊற்றி நுண்ணோக்கியில் பார்க்கின்றனர். கிருமி வென்ற குழியில் பச்சை ஒளி தெரியும். எதிர்ப்பான் வென்ற குழி இருண்டிருக்கும். எத்தனை மடங்கு நீர்த்த பின்னரும் குழி இருண்டிருந்தது என்பதைக் கணக்கிட்டு, அளவு தெரிந்த ஒரு தெளிநீரோடு ஒப்பிட்டு, எண்ணைச் சொல்கின்றனர்.

இங்கே உயிருள்ள கிருமியைக் கையாள வேண்டியிருப்பதால் எல்லா ஊர்களிலும் இதைச் செய்ய இயலாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களும் தாமே தம்மை நம்பிக்கொண்டு இருந்துவிட முடியாது. அளவு இன்னதென்று சொல்லப்படாத மாதிரிகள் அவற்றுக்கு அனுப்பப்பட்டு, சரியாக அளக்கின்றனவா என்று சோதிக்கப்படுகின்றது. அளப்பவரையும் அளக்கும் ஏற்பாடு இது. தராசின் நேர்மையைப் பற்றி இறைவேதத்தில் திரும்பத் திரும்ப ஓதும் சமுதாயம் இதைக் கண்டு மகிழ வேண்டும்.

காகிதம் பேசும், இரத்தமும் பேசும்

இந்தச் சோதனை எதற்காக ஏற்பட்டது? தடுப்பூசிச் சான்று போதாதா? போதாது. ஏனெனில் சான்று என்பது ஊசி போட்டதாகச் சொல்லும் காகிதம். அந்த மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் காக்கப்பட்டதா, மின்சாரம் போன இரவில் வெந்நீரானதா, முழு அளவும் தோலின் கீழ் இறங்கியதா, பாதி முடியிலே வழிந்ததா என்பதை அக்காகிதம் அறியாது. குட்டிக்கு மிக இளம் வயதில் போட்டிருந்தால், தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பானே ஊசியின் வேலையைத் தடுத்திருக்கும். அதையும் காகிதம் அறியாது. இரத்தம் அறியும்.

சிலர் கால்நடை மருத்துவரிடம் சென்று, "பயணம் நெருங்கிவிட்டது, போன மாதம் ஊசி போட்டதாகத் தேதியை முன்தள்ளி எழுதித் தாருங்கள்" என்று கேட்கத் துணிகின்றனர். ஊசியே இல்லாமல் முத்திரை மட்டும் கிடைத்தால் போதும் என்று எண்ணுவோரும் உள்ளனர். சகோதரர்களே! இதற்கு மார்க்கத்தில் பெயர் உண்டு. பொய்ச் சாட்சி. பெரும் பாவங்களை நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னபோது, சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, திரும்பத் திரும்ப எச்சரித்த பாவம் அது. பூனையின் சான்று தானே என்று அதைச் சிறிதாக்க வேண்டாம். அந்தக் காகிதத்தை நம்பித்தான் ஒரு தாய் தன் குழந்தையின் அருகே அந்தப் பூனையைப் படுக்க விடுகின்றாள்.

இனி, வழக்கமாக நம்மிடம் வைக்கப்படும் வாதங்களைப் பார்ப்போம்.

"பூனை தூய்மையான பிராணி ஆயிற்றே!"

ஆம். அபூ கதாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்ய வைத்திருந்த பாத்திரத்தைப் பூனை குடிப்பதற்காகச் சாய்த்துக் கொடுத்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இடம்பெற்றுள்ளது. பூனை நஜீஸ் அன்று, அது உங்களைச் சுற்றிச் சுற்றி வரும் பிராணி என்ற கருத்தை அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமிருந்து அறிவித்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் அதன் எச்சில் தூய்மையானது. ஹனஃபி மத்ஹபில் அது வாய் வைத்த நீர் மக்ரூஹ், நஜீஸ் அன்று.

ஆனால் இது தொழுகைக்கான தூய்மையைப் பற்றிய சட்டம். நோயைப் பற்றிய மருத்துவ அறிக்கையாக இதை எடுத்துக்கொள்வது தவறு. ஆட்டின் இறைச்சி ஹலால் என்பதால் கெட்டுப்போன ஆட்டிறைச்சியை யாரும் உண்பதில்லை. நோயுற்ற ஒட்டகத்தை நலமுள்ள ஒட்டகத்தோடு சேர்க்க வேண்டாமென்று அதே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கின்றார்கள். மேலும், அபூ கதாதாவின் செய்தியில் உள்ள காரணத்தைக் கவனியுங்கள். நம்மைச் சுற்றிச் சுற்றி வருகின்றது என்பதே அது. நம்மைச் சுற்றி வருவதனால்தான் அதற்கு நோய் வந்தால் நமக்கும் வருகின்றது. சலுகைக்குக் காரணமான அந்த நெருக்கமே பொறுப்புக்கும் காரணம் என்பதை ஏன் மறக்கின்றோம்?

"வெறிநோய் நாய்க்குத்தானே?"

மனிதருக்கு வரும் வெறிநோயில் மிகப் பெரும் பங்கு நாய்களால் வருகின்றது என்பது உண்மை. ஆனால் நாய் கடித்த பூனைக்கும் அந்நோய் வரும்; அந்தப் பூனை கடித்த மனிதருக்கும் வரும். நோய்க்குறி வெளியே தெரிவதற்குச் சில நாள்கள் முன்பே எச்சிலில் கிருமி வந்துவிடும். குறி தோன்றிய பின்னர் மருந்து ஏதும் ஏறக்குறைய பயன்படுவதில்லை.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாகவும், வெறிநோய் ஐயமுள்ள விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கின்றது. மதரஸாவுக்கு வரும் சிறுவர் சிறுமியரின் கைகளில் பூனைக் கீறல்களை நாம் அன்றாடம் காண்கின்றோம். கேட்டால் கையைப் பின்னால் மறைத்துக்கொள்கின்றனர். உம்மா திட்டுவார்கள் என்ற அச்சம் ஒருபுறம், ஊசி போடுவார்கள் என்ற அச்சம் மறுபுறம். வீட்டிலும் மஞ்சளைப் பூசி விட்டுவிடுகின்றனர்.

செய்ய வேண்டியது இதுவே. தோல் கிழியக் கடித்தாலோ கீறினாலோ, ஓடும் நீரில் சோப்பு இட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 0, 3, 7, 28-ஆம் நாள்களில் போடும் ஊசிகளில் ஒன்றையும் விடலாகாது. இரத்தம் வந்த காயமாயின் உடனடியாக எதிர்ப்பானையே காயத்தில் செலுத்தும் மருந்தும் தேவைப்படும். பூனைக்கு ஊசி போட்டிருக்கின்றோமே என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

"அல்லாஹ் காப்பான், நாம் தவக்குல் வைத்திருக்கின்றோம்"

அல்லாஹ் காப்பான், ஐயமில்லை. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியிலேயே அறிந்த உமர் (ரலி) அவர்கள் படையோடு திரும்பினார்கள். விதியிலிருந்து ஓடுகின்றீர்களா என்று கேட்கப்பட்டபோது, திரும்பிச் செல்வதும் இறைவிதிக்கு உட்பட்டதே என்று விளக்கினார்கள். உமரைவிட நமக்குத் தவக்குல் மிகுதியா? இன்னொன்றும் கேட்கின்றோம். பிரான்சு விமானத்தில் ஏறும்போது இந்தத் தவக்குல் எங்கே போயிற்று? "அல்லாஹ் மேல் பாரத்தைப் போட்டுவிட்டோம், இரத்தச் சோதனை தேவையில்லை" என்று விமான நிலைய அதிகாரியிடம் நம்மில் எவரும் சொல்வதில்லையே! அரசாங்கத்துக்கு அஞ்சிச் செய்வதைப் படைத்தவனுக்கு அஞ்சிச் செய்ய மறுத்துவிட்டு, அந்த மறுப்புக்குத் தவக்குல் என்று பெயர் சூட்டுவது அப்புனிதச் சொல்லுக்கு இழைக்கும் அநீதி.

"அளந்து பார்த்தோம், எதிர்ப்பான் இருக்கின்றது, இனி ஊசி எதற்கு?"

இந்த வாதம் படித்தவர்களிடமிருந்து வருகின்றது. பாதி அறிவிலிருந்து பிறந்தது என்பதால் இதற்குச் சற்று நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும்.

0.5 என்பது, தடுப்பூசிக்கு உடல் தக்கவாறு பதிலளித்தது என்பதற்கான அடையாளக் கோடு. ஊசிக்குப் பின் சில வாரங்களில் எதிர்ப்பான் உச்சத்தைத் தொடும். பிறகு மெல்லக் குறையும். இரத்தம் எடுத்த அந்த நாளின் நிலையைத்தான் எண் சொல்லும். அடுத்த ஆண்டின் நிலையைச் சொல்லாது. கோட்டுக்குக் கீழே இறங்கிய பூனை அனைத்தும் பாதுகாப்பற்றது என்றும் சொல்வதற்கில்லை. ஏனெனில் எதிர்ப்பான் குறைந்த பின்னரும் உடலில் அதன் நினைவு அணுக்கள் எஞ்சியிருக்கும். அதுபோலவே கோட்டுக்கு மேலே உள்ள பூனைக்கு ஒருபோதும் நோய் வராதென்று எவரும் பிணை கொடுப்பதில்லை.

பூனைகளுக்கு வரும் வெள்ளணுக் குறைவு நோயில், எதிர்ப்பான் இருப்பது பாதுகாப்புக்கு நல்ல அடையாளம். ஆகவே அந்நோய்க்கு மறு ஊசி தேவையா என்பதை முடிவு செய்ய மருத்துவர்கள் இரத்தத்தைச் சோதிப்பதுண்டு. பூனைகளின் சளிக்காய்ச்சலுக்குக் காரணமான கிருமிகளின் விஷயத்தில் அதே எண்ணை அப்படி நம்ப முடியாது. வெறிநோயிலோ, சோதனையை ஊசிக்கு மாற்றாக அதைக் கேட்கும் ஐரோப்பிய ஒன்றியமே ஏற்பதில்லை. ஒருமுறை 0.5-ஐக் கடந்த பூனைக்கு மறு ஊசிகள் காலம் தவறாமல் தொடர்ந்தால் மீண்டும் சோதனை தேவையில்லை என்பது அவர்கள் விதி. தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆக, எண் சாட்சி, ஊசி செயல். சாட்சி இருக்கின்றதென்று செயலைக் கைவிட முடியுமா?

"தெருப் பூனைக்கெல்லாம் செலவு செய்ய முடியுமா?"

இப்போது உண்மையான இடத்துக்கு வந்துவிட்டோம். இரத்தச் சோதனைக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகின்றது. தடுப்பூசிக்கோ சில நூறு ரூபாய்தான். ஒரு பூனையின் பாரீஸ் பயணத்துக்கு ஆகும் செலவில் ஒரு மஹல்லாவின் பூனைகளுக்கே ஊசி போட்டுவிடலாம். பூனையைக் கொண்டு போவோரை நாம் குறை சொல்லவில்லை. அவர்கள் தம் பிராணிக்குச் செய்ய வேண்டியதைச் செய்கின்றனர். அவர்கள் செய்வதைப் பார்த்த பிறகும், எது தேவை என்று தெரிந்த பிறகும், இங்கே சும்மா இருப்பதைத்தான் குறை சொல்கின்றோம்.

அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை நம் பிள்ளைகள் மனனம் செய்கின்றனர். தாம் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கிவிட்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைக் கண்டித்தே அது தொடங்குகின்றது. வணிகரை மட்டும் நினைத்து அதை ஓதுகின்றோம். நமக்கு ஆதாயம் உள்ள இடத்தில் தசம புள்ளி வரை அளப்பதும், வாயில்லாப் பிராணிக்குக் கடமைப்பட்ட இடத்தில் அளவையே எடுக்காமல் இருப்பதும் அந்தக் கண்டனத்துக்குள் வருமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

பிராணிக்கு உணவளிப்பது வளர்ப்பவன் மீது கடமை என்றும், அவன் மறுத்தால் ஆட்சியாளர் கட்டாயப்படுத்தலாம் என்றும் நம் மதரஸாக்களில் ஓதப்படும் இமாம் நவவியின் மின்ஹாஜ் சட்டம் வகுக்கின்றது. ஹிஜ்ரி 660-இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் பிராணிகளின் உரிமைகளைப் பட்டியலிட்டபோது, அது நோயுற்றுப் பயனற்றுப் போனாலும் அதற்கான செலவு நிற்காதென்றும், அதற்குத் தீங்கு செய்பவற்றோடு அதைச் சேர்த்து வைக்கலாகாதென்றும் எழுதினார்கள். பூனையைக் கட்டிப்போட்டு உணவளிக்காமல் கொன்ற பெண்ணின் செய்தியை நாம் மிம்பரில் எத்தனை முறை கேட்டிருக்கின்றோம்! அவளது குற்றம் அடித்துக் கொன்றதன்று. தன் பொறுப்பில் இருந்த உயிருக்குத் தேவையானதைத் தடுத்ததே.

வேறு சிலர் இதற்கு நேர் எதிரான வழியைச் சொல்கின்றனர். நோய் வருமென்றால் பூனைகளைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவிடலாம் என்கின்றனர். இது கொடுமை, பயனற்றதும் கூட. காலியான இடத்துக்கு மீன் நாற்றத்தை மோப்பம் பிடித்து வேறு பூனைகள் வரும். அவற்றுக்கு ஊசி போட்டிருக்கின்றதா இல்லையா என்பதே தெரியாது. ஊசி போட்ட பூனை தெருவில் இருப்பது தெருவுக்குக் காவல்.

ஆகவே நாம் கேட்பவை

ஒன்று: செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். தடுப்பூசியைத் தந்த லூயி பாஸ்தர் 1895-இல் மறைந்த நாள் அது. அந்நாளையொட்டி, ஒவ்வொரு ஜமாஅத்தும் கால்நடை பராமரிப்புத் துறைக்கு எழுதி, மஹல்லாவில் ஆண்டுக்கு ஒரு தடுப்பூசி முகாம் நடத்தட்டும். கந்தூரிக்குப் பந்தல் போடத் தெரிந்த ஊருக்கு இது பெரிய வேலையன்று.

இரண்டு: பள்ளிவாசலில் திருமணப் பதிவேடு இருப்பதுபோல் பூனைகளுக்கும் ஒரு பதிவேடு இருக்கட்டும். நிறம், தெரு, சோறு வைக்கும் வீடு, ஊசி போட்ட தேதி ஆகிய நான்கு கட்டங்கள் போதும். ஊசி போடாத பூனைக்கு அதில் தேதி எழுதக் கூடாது.

மூன்று: எல்லாப் பூனைகளுக்கும் இரத்தச் சோதனை தேவையில்லை. ஆனால் முகாம் முடிந்து ஒரு மாதம் கழித்துச் சில பூனைகளின் இரத்தத்தையேனும் சோதிக்க வழி உண்டா என்று புதுச்சேரி குரும்பாப்பேட்டையில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியிடம் ஜமாஅத்துகள் கேட்கட்டும். பெங்களூரு கால்நடைக் கல்லூரியில் வெறிநோய்க்கென்றே ஆய்வகம் இருக்கின்றது. போட்ட மருந்து குளிர் கெடாமல் வந்ததா, உடலில் வேலை செய்ததா என்பது அப்போது தெரியும். சரியில்லையெனில் அடுத்த முகாமில் திருத்திக்கொள்ளலாம்.

நான்கு: மதரஸாக்களில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்போம். கடிபட்டதை மறைக்க வேண்டாம், கீறலுக்குத் திட்டு விழாது என்ற உறுதியைப் பெற்றோர் கொடுக்கட்டும். மஞ்சளை அஞ்சறைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, சோப்பையும் தண்ணீரையும் எடுக்கட்டும்.

சபுராளிகளே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பூனைக்குச் சோதனை செய்யும் அந்த மாதத்தில், அது விட்டுச் செல்லும் தெருவில் உள்ள பத்துப் பூனைகளின் ஊசிச் செலவை ஸதக்காவாக ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளை பாரீஸில் அச்சமின்றி அதனோடு விளையாடுவதுபோல், இங்கே உங்கள் அண்ணன் தம்பி பிள்ளைகளும் விளையாட வேண்டாமா?

அல்லாஹ் நம் கைகளில் ஒப்படைத்த உயிர்களின் அமானிதத்தைப் பேணவும், அளவையில் நேர்மை காக்கவும், நம் குழந்தைகளைக் கொடிய நோய்களிலிருந்து காக்கும் வழிகளைக் கடைப்பிடிக்கவும் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.